ஒரு முழம் நகர்ந்த முளைக்குச்சி

நான் வேலை பார்த்த தொல்பொருள் இலாகாவில் புதிதாகச் சேர்ந்த சுமதி என்ற பெண் போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைப் பதிவு செய்கிறார்களாம். “அங்கிள், உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத கண்டுபிடிப்பு எது?” என்று கேட்டு டேப் ரெக்கார்டரை என் பக்கம் தள்ளினாள். பானை, இரும்புக் கோடரி, பாசிமணி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். “இப்பல்லாம் அங்க இருக்குற ஜனங்களக் கூப்பிட்டு மீட்டிங் போட்ட பிறகுதான் மண்ணையே தொடுவோம் அங்கிள். குழி வெட்டுறவங்க பேரக்கூட ரிப்போர்ட்ல போடுறோம்லா.”

நல்லதும்மா என்றேன். கதவைச் சாத்திவிட்டு, தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து என்ன பயம் வேண்டிக்கிடக்கிறது? பென்ஷனை யாராவது பிடுங்கிக்கொள்ளப் போகிறார்களா? அவளிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வார்ப்பு வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் கோயில், மற்ற ஆறு நாளும் பட்டறைச் சங்கு. எனக்குப் படம் வரைய வந்தது. தொழிற்பள்ளியில் படித்து, பட்டறையின் வரைபட அறையில் இரண்டு வருஷம் ரயில்பெட்டிகளின் அச்சுகளை வரைந்தேன். எழுபதுகளின் ஆரம்பத்தில் தொல்பொருள் பிரிவில் வரைவாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. போனேன், எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு இரும்பை விட்டு மண்ணை வரைந்தேன்.

என் மேலதிகாரி மிஸ்டர் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். வெயில் கொளுத்தும் குழிக்குள்ளும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். துடைக்கத் துடைக்கக் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் நாம் கிட்டே போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும். அந்தக் கைக்குட்டை வெளியே வந்தாலே நான் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல நாக்கு வராது. குழி போடுவதை அவர்போல் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. முதலில் ஒரு மூலையில் முளைக்குச்சி அடிக்க வேண்டும். அதிலிருந்து மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று முக்கோணம் பிடித்து செங்கோணம் காண வேண்டும். நான்கு மூலைக்கும் குச்சி அடித்து நைலான் கயிறு கட்டியபின், மூலைக்கு மூலை குறுக்கே நாடா பிடித்து அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் குழி சதுரம். அதன்பின் கிடைக்கும் ஒவ்வொரு ஓட்டுத்துண்டுக்கும் அந்தக் குச்சியிலிருந்துதான் அளவு. குச்சி இரண்டு விரல்கடை நகர்ந்தாலும் அத்தனை அளவும் பொய். “டேவிட், ஆர் வந்தாலும் இந்தக் குச்சியிலை கை வைக்க விடாதையும்” என்பார்.

குழியின் சுவரைக் கரண்டியால் வழித்து, மண் அடுக்குகளை வரைபடத் தாளில் வரைவது என் வேலை. மேல் அடுக்குக்கு எப்போதும் ஒரே குறிப்புத்தான்: ‘கலைந்த மண், அண்மைக்காலம்.’ அதைச் சலிக்க மாட்டோம், அள்ளி வெளியே கொட்டுவோம். தோட்டப்புறங்களில் அந்த அடுக்குக்குள் என்ன இருக்கும்? கண்ணாடி வளையல் துண்டு, எனாமல் தட்டு, மருந்து பாட்டில், ரப்பர்ப் பால் பிடிக்க மரத்தில் கட்டும் மங்கு. அங்கே வாழ்ந்து செத்தவர்களின் சாமான்கள் எல்லாம். எத்தனையோ தாள்களில் நானே அதைக் கலைந்த மண் என்று எழுதியிருக்கிறேன். ஒருதடவைகூடப் பேனா நின்றதில்லை.

குழி வெட்ட வருகிறவர்களுக்கு எங்களிடம் பெயர் கிடையாது. ஆளுக்கு ஓர் அட்டை, அதில் ஓர் எண். காலையில் ஒன்று, இரண்டு என்று கூப்பிட்டால் போதும். மிஸ்டர் நவரத்தினம் அப்படித்தான் கூப்பிடுவார், நானும் அப்படித்தான்.

எழுபதுகளின் கடைசியில் கிள்ளான் ஆற்றோரமாக ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனோம். வீடுகள் கட்டும் ஒரு கம்பெனிக்குத் தோட்டத்தை விற்றாகிவிட்டது. பழைய மரங்களைச் சாய்த்த டிராக்டரில் நீளப் பிடி வைத்த இரும்புக் கருவி ஒன்று சிக்கியது. இரண்டாயிரம் வருஷம் போல இருக்கும் என்றார் மிஸ்டர் நவரத்தினம். அவர் முகத்தில் அப்படி ஓர் ஒளியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு மாதம் தோண்ட அனுமதி கிடைத்தது. தோட்டத்துத் துரை பன்னிரண்டு ஆட்களை இரவல் கொடுத்தார். எனக்குத் தங்க, காலியாகக் கிடந்த கிராணி வீடு, தோட்டத்து எழுத்தருக்காகக் கட்டியது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் அப்பா பிறந்தது இப்படி ஒரு தோட்டத்து லயத்தில்தான், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். தாத்தா மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். இலாகாவில் இது யாருக்கும் தெரியாது. ஊர் எது என்று கேட்டால் செந்தூல் என்பேன். மிஸ்டர் நவரத்தினம் ‘தோட்டத்து ஆக்கள்’ என்று சொல்லும்போது உதடு ஒரு பக்கமாக இழுக்கும். அந்த உதட்டை என் பக்கம் திரும்பவிடாமல் பார்த்துக்கொள்வதே எனக்கு ஒரு தனி உத்தியோகமாக இருந்தது.

இரண்டாம் வாரம் குழியின் கிழக்குச் சுவரில் இன்னோர் இரும்பு முனை தலைகாட்டியது. குழியைக் கிழக்கே பத்தடி நீட்டச் சொன்னார் மிஸ்டர் நவரத்தினம். அன்று பிற்பகலே குச்சி அடித்துக் கயிறு கட்டினேன். குறுக்களவு இரண்டும் அச்சாக ஒன்று. மறுநாள் காலையில் ஏதோ கண்ணை உறுத்தவே மறுபடி அளந்தேன். வடகிழக்குக் குச்சி ஒரு முழம் உள்ளே வந்திருந்தது.

மாடு இடித்திருக்கும் என்று திருப்பி அடித்தேன். அளவை நோட்டில் குறித்தேன். அதற்கடுத்த நாளும் ஒரு முழம். மாடு தினமும் அதே குச்சியை, அதே அளவுக்கு இடிக்குமா? ஆட்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். “அந்தப் பக்கம் வேணாம் சார், நல்ல எடமில்ல” என்றார் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். பேய்க்கு நான் பயப்படவில்லை. எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ, நான்தான் தப்பாக அடிக்கிறேனோ என்று பயந்தேன். மிஸ்டர் நவரத்தினம் நாடாவைக் கையில் எடுத்தால் என் கதை முடிந்தது.

மூன்றாம் நாள், ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்கு யாரும் சேர்வதற்கு முன்பே, பொழுது புலரும் நேரத்தில் குழிக்குப் போனேன். ஒரு பெண் மண்டியிட்டு இரண்டு கையாலும் முளைக்குச்சியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஒன்பதாம் நம்பர்.

“ஏய்! என்ன காரியம் பண்றே நீ?”

குச்சியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “சார், சொல்லிறாதீங்க சார். கும்புட்டுக் கேக்குறேன்.”

“இது என்னன்னு தெரியுமா ஒனக்கு? கவர்மெண்ட் சாமான். போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்க.”

“எம்புள்ள அங்க இருக்கு சார்” என்றாள்.

அவள் பெயர் அஞ்சலை. கயிறு கட்டியிருந்த கிழக்கு மூலையைக் கையால் காட்டினாள். தோட்டத்தில் பெரியவர்களுக்கு ஆற்றுப் பக்கம் இடுகாடு உண்டு. கைக்குழந்தைகள் செத்தால் அங்கே கொண்டுபோக மாட்டார்கள். பலகை, கல் எதுவும் வைக்காமல் இந்தப் பக்கத்து மரங்களுக்கு நடுவே புதைத்துவிடுவார்கள். இன்ன மரத்திலிருந்து இத்தனை எட்டு என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். இப்போது மரங்களும் இல்லை, மிஞ்சியது அடிக்கட்டைகள்தான். அஞ்சலையின் குழந்தை, பெண், பிறந்து இருபது நாளில் போனது. ஆறு வருஷம் ஆகியிருந்தது.

“ஏன் மொதல்லயே சொல்லல?”

“யாருகிட்ட சார் சொல்றது? என்னைய ஒம்போதுன்னு கூப்புடுறவங்ககிட்டயா?”

எனக்குச் சுரீர் என்றது. நான்தான் அவளைத் தினமும் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்.

அவளிடம் இருந்தது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அட்டை. இங்கேயே பிறந்தவள்தான், அதைக் காட்டப் பத்திரம் இல்லை. கவர்மெண்ட் ஆட்களிடம் வாயைக் கொடுத்தால் லயத்து வீட்டைக் காலி பண்ண வைத்து, ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று மண்டோர் சொல்லி வைத்திருந்தார். வாயைத் திறக்க முடியாதவள் குச்சியை நகர்த்தியிருக்கிறாள். நான் திருப்பி அடிக்க அடிக்க, அவளும் வந்து நகர்த்தியிருக்கிறாள்.

அன்று சாப்பாட்டு வேளையில் மிஸ்டர் நவரத்தினத்திடம் போனேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. “சார், கிழக்குப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளைப் புதைச்ச எடம் இருக்கலாம்னு மண்டோர் சொல்றாரு...” என்று இழுத்தேன்.

“இருந்தால்?”

“கேட்டுட்டுத் தோண்டலாமா சார்?”

கைக்குட்டை வெளியே வந்தது. “ஆரைக் கேக்கிறது? போலீஸையோ, சுகாதார ஆக்களையோ? அனுமதி வர ஆறு மாசம். இந்த மாசக் கடைசியிலை புல்டோசர் வந்திடும். டேவிட், இப்பிடி ஒரு இடத்துக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தனான் தெரியுமோ? நூறு வருஷம் ஆகாத எதையும் சட்டம் பழம்பொருளெண்டு பாக்காது. அது மேல்மண்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “உமக்கேன் இவ்வளவு கவலை? நீரென்ன தோட்டத்து ஆளோ?”

“இல்ல சார். செந்தூல்” என்றேன்.

சொல்லிவிட்டு நேரே குழிக்குப் போனேன். நாடா பிடித்து, குச்சியைப் பழைய இடத்திலேயே அடித்தேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சுத்தியலின் ஒவ்வோர் அடிக்கும் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் அடித்தேன். என்னை நானே எத்தனையோ வார்த்தை சொல்லித் திட்டியிருக்கிறேன், எதுவும் போதவில்லை.

இரண்டு நாள் தோண்டினார்கள். மண் அள்ளும் அவசரத்தில் அந்த இரும்பு முனை பெயர்ந்து, எந்த இடத்தில் இருந்தது என்றே தெரியாமல் போனது. அதில் மிஸ்டர் நவரத்தினம் ஏற்கெனவே கடுப்பாக இருந்தார். அஞ்சலை கிழக்கு மூலையை யாருக்கும் விடாமல் தானே வெட்டினாள். முதலில் மண்வெட்டி, பிறகு கொத்துக்கரண்டி, பிறகு வெறும் விரல். முழங்கை ஆழத்தில் நிறுத்திவிட்டாள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கறுப்பு வளையல் எட்டிப் பார்த்தது, திருஷ்டிக்குக் குழந்தை கையில் போடுவது.

“என்னது அங்கை?” என்றார் மிஸ்டர் நவரத்தினம் மேலே நின்றபடி.

அவரே குனிந்து பார்த்தார்.

“வளையலோ? அண்மைக்காலம். ஒன்பது, எடுத்து வெளியிலை போடு.”

அஞ்சலை முந்தானையை இழுத்து மண்மேல் பரப்பி, அதன்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. மற்றப் பெண்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். மண்டோர் அவள் கையைப் பிடித்து இழுக்க இறங்கினார். மிஸ்டர் நவரத்தினத்தின் கை சட்டைப்பைக்குப் போனது.

நான் குழியோரம் போய் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. பிள்ளை, தாய், பாவம் என்று பேசினால் இந்த மனிதர் காதில் ஏறாது என்பது மட்டும் விளங்கியது. அவர் மதிப்பது ஒன்றே ஒன்றை, அளவை. அளவு குறித்த நோட்டு என் கையில் இருந்தது.

“சார், இந்தக் குழி தப்பு” என்றேன்.

“என்ன?”

“குச்சி தப்பா அடிச்சிட்டேன். குறுக்களவு சேரல. ரெண்டு நாளாத் தெரியும். பயந்துக்கிட்டு ஒங்ககிட்டச் சொல்லல.” நோட்டை நீட்டினேன். குச்சி நகர்ந்திருந்த இரண்டு காலைகளிலும் நான் குறித்த அளவுகள் அதில் இருந்தன. அளவுகள் நிஜம், சொன்னது பொய்.

பக்கத்தைப் பார்த்தார். குழிக்குள் கிடந்தவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கிட்டே போனால்தான் கேட்டது. “அந்த இரும்பு எங்கையிருந்து வந்ததெண்டு இனி ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. திரும்ப அளந்து தோண்ட நாளுமில்லை. மூடும்.”

அன்று மாலைக்குள் மூடினோம். அஞ்சலைதான் முதல் பிடி மண்ணைப் போட்டாள். மிச்ச நாட்களில் மேற்குப் பக்கம் தோண்டினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. இலாகாவிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது: கவனக்குறைவு, உண்மையை மறைத்தது, இன்னொரு தவறு நடந்தால் வேலை நீக்கம். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் காட்டியதும், “என்னங்க பண்ணீங்க?” என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திராமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

தோட்டத்தை விட்டுக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஐந்தாறு பெண்கள் கிராணி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அஞ்சலைதான் பேசினாள். “சார், புள்ளைங்கள எடுத்து ஆத்துப் பக்கம் மாத்திப் பொதைக்க, கம்பெனி ஆபிஸ்ல பர்மிசன் கேக்கப்போறோம். யாரு எங்கன்னு பிளான் கொண்டான்னு சொல்றாங்க. நீங்க போட்டுக் குடுப்பீங்களா?”

போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு படம் வரைந்ததில்லை. பெண்கள் அடிக்கட்டையிலிருந்து எட்டு வைத்து நின்று காட்டினார்கள், நான் நாடா பிடித்தேன். பதினோரு பிள்ளைகள். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் பெயர் எழுதினேன். அஞ்சலையின் பிள்ளைக்கு வந்தபோது, “பேரு வெக்கிறதுக்குள்ள போயிருச்சு சார்” என்றாள். ‘அஞ்சலையின் மகள்’ என்று எழுதினேன். எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

எந்த வரைபடமானாலும் கீழே வலது மூலையில் ‘வரைந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. கட்டத்தைக் கோடு போட்டுக் கட்டினேன். பேனாவை வைத்தேன். கடிதம் ஞாபகத்துக்கு வந்தது, ஏழாம் மாத வயிறு ஞாபகத்துக்கு வந்தது. பேனாவை மூடி, தாளை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

“ஒங்க பேரு போடலயா சார்?” என்று கேட்டாள். படிக்கத் தெரியாதவள், கட்டம் காலியாக இருப்பதைக் கண்டுகொண்டாள்.

“அது... வேணாம்.”

அவள் தாளைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் கிள்ளான் பாசாரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். “சார்!” என்று ஒரு குரல். திரும்பினால் அஞ்சலை. முதலில் தோன்றியது ஓடிவிடலாம் என்றுதான். இப்போது ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கூட்டுகிற வேலையாம். கையில் கீரைக்கட்டோடு மூச்சுவிடாமல் பேசினாள்.

“பிளானக் கொண்டுபோனோம் சார். ஆபிஸ்காரரு விரிச்சுப் பாத்துட்டு, நல்லாத்தான் போட்டிருக்கு, ஆனா யாரு போட்டதுன்னு கேட்டாரு. கையெழுத்து எங்க, முத்திர எங்க, இப்பிடி யாரு வேணும்னாலும் கிறுக்கலாமேன்னாரு. போட்ட ஆபிசர் பேர மட்டும் சொல்லு, போன் பண்ணி ஒரு வார்த்த கேட்டுக்கிறேன், பர்மிசன் தந்துருவேன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“யாரோ வழியில போனவரு போட்டுக் குடுத்தாரு, பேரு தெரியாதுன்னுட்டேன். மூணு தரம் கேட்டாரு சார். கூட வந்தவளுங்க எல்லாம் என்னையத் திட்டினாளுங்க, சொல்லித் தொலையேன்டின்னு. எப்பிடிச் சொல்றது? நீங்க பயந்தத நான் பாத்தேனே.”

பக்கத்தில் மீன்காரர் ஐஸை உடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், “அப்ப... பிள்ளைங்க?” என்றேன்.

“அடுத்த வாரமே புல்டோசர் வந்திருச்சு சார். ஒருத்தியாலயும் எடுக்க முடியல. நான் மட்டும் ஓடிப்போயி ஒரு பால்மாவு டின்னுல மண்ண அள்ளிக்கிட்டேன். எம்புள்ள மண்ணா, வேற மண்ணா, அதுகூடத் தெரியல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“ஒங்களுக்கு ஒண்ணும் பிரச்சன வரலயே சார்?”

“இல்ல. ஒண்ணும் வரல” என்றேன்.

“அப்பாடா” என்றாள் அஞ்சலை.